கணக்கில் சேர்க்காத சட்டை

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த மனிதர் தன் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“பாருங்க, நீங்க கடை தொடங்கின புதுசுல வாங்கினது. ஒரு இடத்துல நூல் பிரியல, கழுத்து தொங்கல. ஆபீசுக்கும் இதுதான், வீட்டுக்கும் இதுதான், படுக்கவும் இதுதான். என் வீட்டுக்காரி என்னை விட இந்தச் சட்டையத்தான் அதிகமா மதிக்கிறா.”

கல்லாவில் இருந்த நூலக்கா சிரித்தாள். “சந்தோஷங்க. புதுசா ஏதாவது எடுத்துக் காட்டட்டுமா?”

“எதுக்கு? இதுவே இன்னும் பல வருஷம் ஓடுமே! இந்தப் பக்கமா வந்தேன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு நுழைஞ்சேன். நீங்க நல்லா இருக்கணும்.”

மனதார வாழ்த்திவிட்டு அவர் எதிர்ச்சாரியில் இருந்த பெரிய கடைக்குள் போனார். திரும்பி வரும்போது பை நிறைய மலிவுச் சட்டைகள். பிள்ளைகளுக்காக இருக்கும்.

கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, மடித்த துணியை இன்னொரு முறை மடித்தான்.

“அக்கா, இப்படியே எல்லாரும் வாழ்த்திட்டுப் போனா கடை உருப்பட்டுரும். இவ்வளவு துணி இருக்கு, நம்ம தலையில போட்டுக்க ஒரு துண்டு மட்டும் தனியா எடுத்து வச்சுடு.”

அவன் சொன்னது வேடிக்கைதான், ஆனால் நூலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே நூலால்தான். துணியை ஓரத்தில் இரண்டு விரலால் திருகி ஒரு இழையைப் பிரித்தெடுத்து, நாக்கில் நனைத்து இழுத்துப் பார்த்து, இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளை நூலகத்தில் வேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, “அக்கா, கதைப் புத்தகம் இருக்கா?” என்று கேட்டு வந்ததும் உண்டு. கடையில் அவள் விற்றது சில வகைகள்தான். வட்டக் கழுத்துச் சட்டை, முன்பக்கம் திறக்கும் சட்டை, இடுப்பில் நாடா வைத்த கால்சட்டை, மேலே போட்டுக்கொள்ள ஒரு தளர்ந்த அங்கி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வெட்டு. எதை எதனுடன் போட்டாலும் பொருந்தும். சாயம் கிடையாது. பருத்திக்கே உரிய மங்கிய வெள்ளையும், சில செடிகளில் தானாகவே விளையும் வெளிர் பழுப்பும்தான் நிறங்கள். கொஞ்சம் உடுப்பு போதும், அது நல்லதாக இருந்தால் போதும் என்பது அவளுடைய எண்ணம். வாசலுக்கு மேலே பலகையில் அதை எழுதியும் வைத்திருந்தாள்: ‘முழுக்கப் பருத்தி. மருந்து தெளிக்காத வயல், சாயம் ஏற்றாத நூல்.’

பின்னறையில் மாஸ்டர் வெட்டுவார். இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்றை அவர் ஓட்டுவார், மற்றதை நூலக்கா ஓட்டுவாள். விற்பனை தம்பியின் பொறுப்பு. சொந்தத் தம்பி. அப்பா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். அவன் பேச்சுக்காகவே கடைக்குப் பாதிப் பேர் வருவார்கள்.

அந்த ஆண்டு பருத்தி நூலின் விலை ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. கடை வாடகையும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல ஏறியது. அப்போதுதான் நூல் ஏஜென்ட் ஒரு புது நூல்கண்டை மேஜை மேல் வைத்து, அவளிடம் நூல் விட்டுப் பார்த்தான்.

“பாதிக்குப் பாதி கலப்பு. பருத்தியோட, தூக்கி எறிஞ்ச பிளாஸ்டிக் பாட்டில உருக்கி எடுத்த இழை. இதுவும் பூமிக்கு நல்லதுதானுங்களே? குப்பை குறையுது. தொட்டுப் பாருங்க, மெத்துன்னு இருக்கும். மேல ஒரு மருந்து பூசியிருக்காங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

‘யாராலும்’ என்று சொல்லும்போது அவன் அவளைத்தான் பார்த்தான். அவள் இழையைப் பிரித்து இழுத்தாள். அறுபடாமல் நீண்டது. பருத்தி அப்படி நீளாது.

“வேண்டாம்” என்றாள்.

ஏஜென்ட் போன பிறகு தம்பி பேசினான். சத்தம் போடவில்லை. அதுதான் அவனுடைய பலம்.

“நாம கெட்டதா எதையும் விக்கலையே அக்கா. பாட்டில் குப்பையில கிடக்கறதுக்கு சட்டையா இருந்துட்டுப் போகட்டுமே. இந்த ஒரு லாட் மட்டும். நூல் விலை இறங்கினதும் பழையபடி மாத்திக்கலாம். இல்லேன்னா மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பணும். நீயே போய்ச் சொல்றியா அவர்கிட்ட?”

உள்ளே மாஸ்டர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மூன்று பெண் பிள்ளைகள் அவருக்கு.

“அப்போ பலகையை என்ன செய்யறது?” என்றாள் நூலக்கா.

“பலகையை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

புதுத் துணி வந்தபோது மாஸ்டர் அதை விரித்து உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். “வழுக்குதே” என்றார். தம்பி அடுத்த சுருளைப் பிரித்துப் போட்டான். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். வாங்க வந்தவர்களோ கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவை இன்னும் மிருதுவா இருக்கே! இயற்கைன்னா இயற்கைதான்” என்றார்கள். முதல் முறை அதைக் கேட்டபோது நூலக்காவுக்கு உடம்பு கூசியது. நாலைந்து பேர் சொன்ன பிறகு கூச்சம் மரத்துப் போனது. பிறகு, அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்குமோ என்று கூட ஒரு நிமிடம் தோன்றியது. அவள் இழையைப் பிரித்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

கடைக்கு ஆரம்பம் முதல் வருகிறவர் கணக்கு டீச்சர். தெருக்கோடியில் வீடு. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியும் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் கணக்கு டீச்சர்தான். அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். ஊர் ஊராகப் பேசித் திரிந்த வாய். வீட்டில் டீச்சர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவர் பத்து வார்த்தை பேசிவிடுவார். “அவர் பேசற வேகத்துக்கு லாரி ஓடியிருந்தா அபராதம் போட்டிருப்பாங்க” என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம்.

மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டு வந்த வாரமே டீச்சர் கடைக்கு வந்தார். “படுத்த படுக்கையா இருக்கறவரு. வேர்க்கும், புரள முடியாது. உன் துணியத் தவிர வேற எதையும் அவர் உடம்புல போட மாட்டேன்” என்று முன்பக்கம் திறக்கும் சட்டைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். புதுச் சட்டை வந்துவிட்டதால் முன்பு இதே கடையில் வாங்கிய பழைய சட்டைகளைக் கிழித்து அவருக்கு உடம்பு துடைக்க வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். அன்று உண்மையைச் சொல்ல வாயெடுத்த நூலக்கா, சட்டைகளை எண்ணிப் பையில் போட்டாள். தம்பி பில் போட்டான்.

அதன் பிறகு டீச்சரை அடிக்கடி பார்க்க முடியவில்லை. பல மாதங்கள் கழித்து ஒரு நாள் முற்பகலில் வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். தலை வாரியிருக்கவில்லை. ஒரு முழங்கை மேல் நகக்கீறல்கள்.

“ஒரு சட்டை தைச்சுக் கொடும்மா. கொஞ்சம் வேற மாதிரி” என்றார். “முன்னால திறப்பு வேண்டாம். முதுகுப் பக்கம் திறந்து, பின்னால முடிச்சுப் போடற மாதிரி. கை நீளமா இருக்கணும். கை நுனியை மூடித் தைச்சுடு. விரல் வெளிய வரக் கூடாது.”

நூலக்காவுக்குப் புரியவில்லை. “யாருக்கு டீச்சர்?”

“அவருக்குத்தான். சட்டையப் பிச்சு எறியறார்மா. அந்த ஒரு கைய வச்சுக்கிட்டு, காலையில போட்டா சாயந்தரத்துக்குள்ள பட்டனப் பிச்சுடறார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். புத்தி பேதலிச்சுடுச்சுன்னு டாக்டர் சொல்றார். என்னைப் பார்த்தாலே கோபம். இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில நான் தொட்டாலே ஆகல அவருக்கு.” குரல் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டார். “உடம்பெல்லாம் சிவந்து தடிச்சுப் போச்சு. முதுகுல ரணம். எதனாலன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்துட்டேன். சோப்பை மாத்தினேன். பவுடரை நிறுத்தினேன். மெத்தைய மாத்தினேன். முட்டை, பால் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா நிறுத்தி, ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். வகுப்புல சொல்லிக் கொடுப்பேனே, ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா விடை கிடைக்காதுன்னு. அந்த மாதிரித்தான் செஞ்சேன். விடை வரல.”

“சட்டையை...” என்று தொடங்கினாள் நூலக்கா. வாய்க்குள்ளேயே சொன்னாள்.

“சட்டையா? அது உன் சட்டையாச்சே. அதை நான் கணக்குலயே சேர்க்கல” என்றார் டீச்சர்.

அன்று மாலையே அந்தச் சட்டையை மாஸ்டர் வெட்டினார். கைநுனியை மூடச் சொன்னபோது, “இது சட்டையா, சாக்கா?” என்று முணுமுணுத்தார். நூலக்கா தைத்தாள். கடையில் இருந்தது எல்லாமே கலப்புத் துணிதான். வேறு துணிக்கு எங்கே போவது? கடைசித் தையலைப் போட்டுவிட்டு ஊசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஏனோ மனசு கேட்கவில்லை. மறுநாள் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் வீட்டு முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. காற்றாடி ஓடியது. துவைத்த விரிப்பு, கழுவிய தரை, மருந்துகள் வரிசையாக அடுக்கிய சிறிய மேஜை. ஒரு குறை சொல்ல முடியாத அறை. அதற்கு நடுவில் லாரிக்காரர் படுத்திருந்தார். இடது மணிக்கட்டைத் துணிப்பட்டையால் பல சுற்றுச் சுற்றிக் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தது.

“கட்டாம முடியலம்மா” என்றார் டீச்சர், அவள் கேட்காமலே. “பாலை அடுப்புல வச்சிருக்கேன், இதோ வரேன்.”

நூலக்கா கட்டிலருகே போனாள். அவர் அவளைப் பார்த்தார். புத்தி பேதலித்த பார்வையாக அவளுக்குத் தோன்றவில்லை. அவர் மேல் அவள் முன்பு தைத்து விற்ற சட்டை. கழுத்தோரம் தொட்டுப் பார்த்தாள். வெளியே ஈரமே தெரியவில்லை, உள்ளே கைவிட்டால் வெந்நீர்ப் பை மாதிரிக் கொதித்தது. வேர்வை துணிக்குள் இறங்காமல் தோல் மேலேயே தேங்கி நின்றது. கழுத்திலிருந்து மார்பு வரை வேர்க்குரு திட்டுத் திட்டாகச் சிவந்து, சில இடங்களில் நீர் கோத்திருந்தது. தோளிலும் அப்படித்தான். கையிலும், சட்டை படும் இடம் வரை அப்படித்தான்.

மணிக்கட்டு மட்டும் வேறாக இருந்தது.

கட்டியிருந்த பட்டை கொஞ்சம் நழுவியிருந்தது. அதற்கு அடியில் இருந்த தோல் சுத்தமாக, வெளுப்பாக, ஒரு குருகூட இல்லாமல் இருந்தது. நூலக்கா பட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் திருகினாள். பல மாதங்களாகச் செய்யாத வேலை. ஓர் இழை பிரிந்து வந்தது. இழுத்தாள். பட்டென்று அறுந்தது.

பருத்தி. அவள் முதலில் விற்ற பழைய சட்டையைக் கிழித்த துணி.

கட்டிய கையின் விரல்கள் அவளுடைய கையைத் தேடிப் பிடித்தன. பிடித்த கையை மெல்ல இழுத்து, அவருடைய சட்டையின் கீழ்நுனி வரை கொண்டு போயின. அங்கே வைத்துவிட்டு அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்த மனிதருக்கு உலகத்தில் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் மாதக்கணக்காக அந்த ஒரு கையால் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் பால் டம்ளருடன் வந்தார். “தைச்சுக் கொண்டு வந்துட்டியா?”

“இல்ல டீச்சர். அளவு... அளவு கொஞ்சம் பார்க்கணும். நாளைக்குக் கொண்டு வரேன்.”

சட்டை இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நூலக்கா வெளியே வந்தாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையில் தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த பில் புத்தகத்தை மூடினான். அவனும் கல்மனசுக்காரன் இல்லை.

“சரி, தப்புதான்” என்றான். “எங்கேயாவது பழைய ரகத் துணி வாங்கி அவருக்கு மட்டும் தைச்சுக் கொடுத்துடு. காசு வாங்காதே. உடம்பு சரியாயிடும். எதுக்கு வாயத் திறக்கணும்?”

“டீச்சர் கைய வேற கட்டி வச்சிருக்காங்கடா.”

“சட்டைய மாத்தினா அவர் பிக்க மாட்டார். பிக்கலேன்னா அவங்களே அவுத்து விட்டுடுவாங்க. யாருக்கும் மனசு நோகாது. நீ சொன்னேன்னு வை, அந்த அம்மாவுக்குத் தூக்கம் வருமா? நீ சொல்றது அவங்களுக்காகவா, உனக்காகவா?”

அந்தக் கேள்வி நூலக்காவைச் சரியான இடத்தில் தைத்தது. அன்று முழுதும் யோசித்தாள். சொல்லாவிட்டால் டீச்சர், தன் கணவருக்குப் புத்தி போய்விட்டது, தன்னை வெறுக்கிறார் என்றே நம்பிக்கொண்டு மிச்ச வாழ்க்கையையும் ஓட்டுவார். லாரிக்காரர் அடுத்து வேறு எதற்காவது கையைத் தூக்கினால் டீச்சர் மறுபடியும் கட்டுவார். இதை நினைத்த பிறகு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலையில் தன் சொந்த அலமாரியைத் திறந்தாள். அவள் உடுத்தி உடுத்தி மெலிந்து போன பழைய பருத்தி அங்கிகள் இருந்தன. எடுத்துக்கொண்டு போனாள். டீச்சரை உட்காரச் சொன்னாள். தான் நின்றுகொண்டே சொன்னாள். பாட்டில், கலப்பு நூல், மேலே பூசிய மருந்து, மாற்றாத பலகை.

“எப்போலருந்து?” என்று கேட்டார் டீச்சர்.

“அவர் படுத்த பிறகு நீங்க வாங்கின எல்லாமே.”

டீச்சர் எழுந்தார். கத்துவார், அடிப்பார் என்று நூலக்கா எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டீச்சர் நேராகக் கட்டிலுக்குப் போய், பட்டையை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். சட்டையைக் கழற்றினார். முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாக எடுத்தார். நூலக்கா உதவப் போனாள்.

“நீ தொடாதே” என்றார்.

பழைய அங்கியை அவருக்குப் போட்டுவிட்டு, கட்டிலருகே முழங்காலிட்டு உட்கார்ந்தார். கணவருடைய இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார்.

“புரிஞ்சுடுச்சுங்க. இப்போ புரிஞ்சுடுச்சு. அடிங்க என்னை. இந்தக் கையாலேயே ஒரு அடி அடிங்க.”

அவர் அடிக்கவில்லை. டீச்சர் பிடியை விட்டதும் அந்தக் கை நழுவிப் படுக்கையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. லாரிக்காரர் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே வாரம் நூலக்கா கடைப் பலகையை இறக்கி, ‘பருத்தியும் பிளாஸ்டிக் இழையும் கலந்த துணி’ என்று எழுதி மாட்டினாள். முன்பு வாங்கியவர்களிடமும் சொன்னாள். ஊர் கொதிக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர், “அப்போ விலையைக் குறைப்பீங்களா?” என்று கேட்டார். ஒரு பெண்மணி கோபமாகவே வந்தார். “இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க எதுக்குச் சொன்னீங்க? இப்போ போட்டாலே அரிக்கற மாதிரி இருக்கு” என்று சண்டை போட்டார். பலர் பலகையைப் படிக்கவே இல்லை. வழக்கம் போலக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “இயற்கைன்னா இயற்கைதான்” என்றார்கள்.

தம்பி மாதம் முடியும்வரை பொறுத்தான். பிறகு இருப்பில் தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் தனிக் கடை போட்டான். அந்த வாசலில் பலகை பெரிதாக இருந்தது: ‘முழுக்கப் பருத்தி.’ மாஸ்டர் கடைசி நாளன்று கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு, “தப்பா நினைக்காதீங்கம்மா, மூணு பொண்ணுங்க” என்றார். அவர் போனது அந்தக் கடைக்குத்தான். வாடிக்கையாளர்களும் மெல்ல மெல்ல அங்கேயே போனார்கள். தம்பியின் பேச்சு நன்றாக இருக்கும்.

நூலக்கா எங்கெங்கோ அலைந்து கொஞ்சம் நல்ல நூலை வாங்கினாள். துணியாக்கி, தானே வெட்டி, தானே தைத்தாள். லாரிக்காரருக்கு வேண்டிய சட்டைகள் அதில் தேறின. சொல்லி அனுப்பியதும் டீச்சர் வந்தார். முன்பே முடிவு செய்தது போல, காசைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்.

“காசு வேண்டாம் டீச்சர்.”

“வாங்கிக்கோ. சும்மா கொடுத்தா நான் எதையும் கேட்க முடியாது.” ஒரு சட்டையை எடுத்து ஓரத்தைத் திருகி, இழையைப் பிரித்து இழுத்துப் பார்த்தார். எங்கோ கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். அறுந்தது. மற்றொன்றையும் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார். நூலக்கா தலைகுனிந்து நின்றாள்.

“எப்படி இருக்கார்?” என்று கேட்டாள்.

“ரணம் ஆறிட்டு வருது. சிவப்பும் குறைஞ்சிருக்கு. கையைக் கட்டறதில்ல.” டீச்சர் சட்டைகளை மடித்தார். “ஆனா அவர் கையைத் தூக்கறதே இல்லம்மா. தண்ணி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கவா, வெளிச்சம் கண்ணுல படுதான்னு எல்லாம் கேட்டுட்டே இருக்கேன். ஒரு விரல் அசையல. முன்னாடி ஒண்ணு சொல்லிட்டிருந்தாரு. நான்தான் கேட்கல. இப்போ நான் கேட்கறேன், அவர் சொல்றத விட்டுட்டார்.”

“டாக்டர் ஏதாவது...”

“மூளைக்கு ஒண்ணும் புதுசா ஆகலைங்கறார். மனசு விட்டுப் போச்சுங்கறார். அதுக்கு மருந்து இல்லையாம்.”

கடைக்குள் இருவர் மட்டுமே இருந்தார்கள். வேறு யாரும் வரப்போவதாகவும் தெரியவில்லை.

“உன் தம்பி கடை வாசல்ல நின்னு நாலஞ்சு பேர்கிட்ட சொன்னேன்” என்றார் டீச்சர். “எங்க வீட்டுக்காரர் முதுகைப் பத்திச் சொன்னேன். பாவம்னாங்க. ‘எதுலதான் கலப்படம் இல்ல, யாரைத்தான் நம்பறது’ன்னாங்க. சொல்லிட்டு உள்ள போய் வாங்கினாங்க.”

“என்னை மன்னிச்சுடுங்க டீச்சர்” என்றாள் நூலக்கா. கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. “நூல் விலை ஏறிச்சு, மாஸ்டரை அனுப்ப மனசு வரல. அது கெட்ட துணியும் இல்ல, எத்தனையோ பேர் போட்டுக்கறாங்க, அப்படின்னு நினைச்சு...”

“கெட்ட துணின்னு நான் சொல்லவே இல்லையே. வேற யாருக்காவது அது பொருந்தியிருக்கும். ஓடியாடறவங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. விலை அதிகம்னு சொல்லியிருந்தா, முடிஞ்சா வாங்கியிருப்பேன், முடியலேன்னா விட்டிருப்பேன். கலப்புன்னு சொல்லியிருந்தா, தெரிஞ்சே வாங்கியிருப்பேன். அப்படி வாங்கியிருந்தா, அவர் முதல் தடவை சட்டையப் பிச்ச அன்னிக்கே அதைக் கழட்டிப் போட்டிருப்பேன். வீட்டுல இருந்த எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். சோப்பை, பாலை, டாக்டரை, கட்டின புருஷனோட புத்தியைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் படல. ஏன்னா உன் வாசல்ல எழுதியிருந்துச்சு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சர் வாசல் வரை போய் நின்றார். குரலில் கோபம் இல்லை. பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பழக்கம் மட்டும் இருந்தது.

“மன்னிக்கறதைப் பத்தி எனக்குத் தெரியல. அதுக்கு அவர்தான் கையத் தூக்கணும். நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். துணியில எதை வேணாலும் கலந்துக்கோம்மா. சொல்லிட்டுக் கலந்துக்கோ. வாங்கறவங்களுக்கு இழையைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. உன் வார்த்தையத்தான் உடம்புல போட்டுக்கறாங்க. அதுல பொய் கலந்தா, எங்க எரியுதுன்னு கண்டுபிடிக்கக்கூட அவங்களால முடியாது.”